எந்தப் படத்தில் பாடியிருக்கிறார்?

மே 22, கவுகாத்தி – ஷில்லாங்

சுமோவில் டிரைவர் நீங்கலாகப் பத்துப் பேர். முன்னால் இருவர், நடுவில் நால்வர், பின்னால் நால்வர். எங்களுக்கு வாய்த்தது பின்சீட்டு, முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார வேண்டிய இடம். ஆளுக்கு 400 ரூபாய். காலை எட்டு மணிக்கே கவுகாத்தியில் குர்தா முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியாக்கா?" என்று தம்பி கேட்டபோது சிரித்தேன்.

அவன் இங்கே எம்.டெக். படிக்கிறான். அவனைப் பார்த்துவிட்டு, காமாக்யா கோயிலுக்கும் போய்விட்டு, பிரம்மபுத்திராவில் ஒரு படகுச் சவாரியோடு திருச்சிக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவன் வேறு கணக்கு போட்டு வைத்திருந்தான். மே 24 அன்று ஷில்லாங்கில் லூ மஜாவ் பாடுவார், அதைப் பார்க்காமல் போகக்கூடாது என்றான். லூ மஜாவ் யார் என்று எனக்குத் தெரியாது. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனையே நோபல் பரிசுச் செய்தி வந்தபோதுதான் தெரியும்.

ஜோராபாட்டில் சாலை மேகாலயாவுக்குள் திரும்பியதும் வளைவுகள் ஆரம்பித்தன. என் முகம் மாறியதைப் பார்த்த எதிர்சீட்டுப் பெரியவர், ஒன்றும் கேட்காமல் எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயும் எடுத்து நீட்டினார். அப்புறம் நோங்போ வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊர் ஆட்களின் மரியாதை இப்படித்தான் இருக்கிறது. உதவி செய்வார்கள், அதைச் சாக்கிட்டு நம் ஊர், வேலை, சம்பளம் எல்லாம் விசாரிக்க மாட்டார்கள்.

நோங்போவில் டீக்காக நிறுத்தினார்கள். மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டுகள் 50 ரூபாய். அம்மா போன் செய்தாள்.

"யாருடா அது? எந்தப் படத்துல பாடியிருக்கார்?"

"படத்துல எல்லாம் பாடலம்மா."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம்?"

தம்பி பதில் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டான். மீதிப் பாதை முழுக்க அவனுடைய விளக்கம்தான். லூ மஜாவ் 1947இல் பிறந்தவர். அறுபதுகளில் கொல்கத்தாவில் இருந்தபோது டிலன் பாட்டு காதில் விழுந்திருக்கிறது. 1972இலிருந்து ஒவ்வொரு மே 24ஆம் தேதியும், அதாவது டிலன் பிறந்தநாளில், ஷில்லாங்கில் கச்சேரி. மேகாலயா தனி மாநிலமானதும் அதே 1972 ஜனவரியில்தான். மாநிலத்துக்கும் இந்தக் கச்சேரிக்கும் ஒரே வயது.

"எல்லாரும் 'இந்தியாவின் பாப் டிலன்'னு எழுதிட்டுப் போயிடறாங்கக்கா. அவர் சொந்தமா எழுதின பாட்டைப் பத்தி ஒருத்தரும் பேசறதில்ல." இதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த கோபம் லூ மஜாவுக்காக மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. இவனும் பாட்டு எழுதுகிறவன். வீட்டில் கிட்டாரை எடுத்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

உமியம் ஏரியைத் தாண்டும்போது மழை பிடித்தது. அறுபதுகளில் மின்சாரத்துக்காக அணை கட்டி உருவான நீர்த்தேக்கம். மேலிருந்து பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. கரையோரம் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக்கும் மேலிருந்தே தெரிந்தது.

ஷில்லாங்கின் லைதும்க்ரா பகுதியில் ஒரு வீட்டு விடுதி, ஓர் இரவுக்கு 1,500 ரூபாய். நடத்துபவர் அறுபது வயதுப் பெண்மணி. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'காங்' என்று கூப்பிட வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொடுத்தான், நாம் அக்கா என்கிற மாதிரி. அவர் வீட்டின் கடைசி மகள். இங்குள்ள காசிப் பழங்குடியினரின் வழக்கப்படி வீடு அவருக்குத்தான். அண்ணன்மார் இருவரும் மனைவிமார் வீடுகளில் இருக்கிறார்களாம். கூடத்துச் சுவரில் ஒரு கிட்டார் மாட்டியிருந்தது. பால் இல்லாத சிவந்த டீ கொடுத்தார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குடித்தேன்.

மே 23, ஷில்லாங்

காலையில் மழை விட்டிருந்தது. ஒரு ஜாதோ கடைக்குப் போனோம். நாலு பெஞ்சு, கண்ணாடி அலமாரியில் கிண்ணம் கிண்ணமாகக் கறி, கல்லாவில் ஒரு பெண், அடுப்படியிலும் பெண்களே. ஜாதோ என்பது பன்றிக்கறியோடு சேர்த்து ஆக்கிய சோறு. இன்னொரு கிண்ணத்தில் கருப்பு எள்ளை அரைத்து ஊற்றிய பன்றிக்கறி, தோநெய்யாங் என்றார்கள். பன்றிக்கறி அன்றுதான் எனக்கு முதல்முறை. அந்த எள்ளு வாசனை துணைக்கு வந்ததால் தயக்கமில்லாமல் இறங்கியது. எனக்கு நிஜமாகவே பிடித்தது துங்தாப். கருவாட்டைச் சுட்டு, மிளகாய் வெங்காயத்தோடு இடித்த துவையல். இரண்டாம் முறை கேட்டபோது கல்லாப்பெண் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி கூடுதலாக வைத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து 260 ரூபாய்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு தட்டில் குவாய் வந்தது. வெற்றிலை, சுண்ணாம்பு, கால் துண்டு பாக்கு. நமக்குத் தெரியாத வெற்றிலைபாக்கா என்று வாயில் போட்டேன். ஒரு நிமிடத்தில் காது சுட்டது. அப்புறம் கழுத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, நெஞ்சை யாரோ அழுத்துவது போல் இருந்தது. நம் ஊர்க் கொட்டைப்பாக்கு உலர்ந்தது. இங்கே பாக்கு பச்சையாக, நீரில் ஊறவைத்து வருவது, வேகம் அதிகம். கல்லாப்பெண் தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் கொடுத்து உட்கார வைத்தார். பக்கத்து மேசைக் கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சோற்றைப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

பிறகு இயெவ்து சந்தை. படிக்கட்டுகளும் சந்துகளுமாக ஒரு குன்றுச் சரிவு முழுக்கக் கடைகள். பலகைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில், ஆனால் ஒன்றும் புரியவில்லை. 1841இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் சோராவுக்கு, அதாவது சிரபுஞ்சிக்கு வந்து, காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுத வைத்தார். எழுத்தோடு தேவாலயமும், தேவாலயத்தோடு சேர்ந்திசையும் வந்தன. ஷில்லாங்கை எதற்கெடுத்தாலும் 'ராக் இசைத் தலைநகரம்' என்கிறார்களே, அதன் வேர் ஞாயிற்றுக்கிழமைப் பாடற்குழுவில் இருக்கிறது என்பது தம்பியின் கட்சி. எனக்கு இன்னொரு காரணமும் தோன்றியது. சுற்றிப் பார்த்தால் சினிமா போஸ்டர் அநேகமாக இல்லை. நம் ஊரில் பாடத் தெரிந்தவன் எல்லாம் கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறுவான். இங்கே ஏறிப்போக அப்படி ஒரு ரயில் இல்லை. ஆகவே ஊரிலேயே நாலு பேர் சேர்ந்து பாடவேண்டியதாகிவிட்டது.

தெருவுக்குத் தெரு 'தீர்' கடைகள். மதியம் வில்லாளிகள் வரிசையாக உட்கார்ந்து வைக்கோல் உருளை மீது அம்பெய்வார்கள். குத்திய அம்புகளை எண்ணி, கடைசி இரண்டு இலக்கங்களுக்குப் பரிசு. இங்கே இது சட்டபூர்வமான சூதாட்டம். முந்தின இரவுக் கனவை வைத்து எண்ணைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாம். காங்கிடம் காலையில் என் கனவைச் சொல்லியிருந்தேன், பாம்பு வந்தது என்று. அவர் ஒரு எண் சொன்னார். தம்பி அதில் 20 ரூபாய் கட்டித் தோற்றான்.

மாலை திரும்பிவர, கருப்பு மஞ்சள் மாருதியில் மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். ஷேர் டாக்சி, ஆளுக்கு 20 ரூபாய். அந்த நெரிசலிலும் யாரும் ஹாரனில் கையை வைத்து அழுத்தவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

மே 24, ஷில்லாங்

நேற்று விட்ட மழையையும் சேர்த்து இன்று பெய்தது. ஐந்தரை மணிக்குக் கிளம்பி, தம்பியின் சிநேகிதன் அனுப்பியிருந்த முகவரிக்குப் போனால், அந்த மண்டபத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் பாடல் பயிற்சியில் இருந்தார்கள். கச்சேரியா, இங்கேயா என்று விழித்தார்கள். வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு பெண் மூன்று பேருக்குப் போன் போட்டு விசாரித்தாள். பிறகு பயிற்சியை விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, "வாருங்கள்" என்று முன்னால் நடந்தாள். குறுக்கு வழி என்பது இங்கே படிக்கட்டு. ஏறி, இறங்கி, யாரோ ஒருவர் வீட்டுக் கோழிக்கூட்டை ஒட்டிப் போய், என் செருப்பு வார் அறுந்து, ஒருவழியாக ஒரு மாடிக்கு வந்து சேர்ந்தோம். நன்றி சொல்லத் திரும்பினால் அவள் பாதிப் படி இறங்கிவிட்டாள். "குப்லெய்!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே காசிச் சொல். கீழிருந்து அதே சொல் திரும்பி வந்தது.

நூறு பேர் இருந்தால் அதிகம். பள்ளிச் சீருடையில் சிறுமிகள், ஜைன்செம் உடுத்திக் கட்டம்போட்ட சால்வை போர்த்திய பாட்டிகள், தாடி வைத்த கல்லூரிப் பையன்கள். ஓரத்தில் டீயும் கேக்கும், 30 ரூபாய். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி குவாய்ப் பொட்டலத்தை நீட்டினார். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன். கணவரோடு வருடா வருடம் வருவாராம், இந்த முறை தனியாக. "அவர் இப்போது கடவுளின் வீட்டில் குவாய் மென்றுகொண்டிருக்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். இறந்தவர்களைப் பற்றி இங்கே இப்படித்தான் சொல்வார்கள் என்று தம்பி பிறகு விளக்கினான். அவர் சொன்ன சாதாரணத் தொனியில் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

முதலில் ஏறியது ஒரு இருபத்தைந்து வயதுப் பையன். துய்தாரா என்ற நாலு கம்பி வாத்தியம், மரப்பெட்டி மேல் உட்கார்ந்து தட்டுகிற ஒரு கூட்டாளி, அவ்வளவுதான் குழு. காசியில் பாடினான். பாட்டி காதருகில் குனிந்து அர்த்தம் சொன்னார். ஊருக்கு நடுவே ஓடும் உம்க்ரா ஆற்றைப் பற்றிய பாட்டு. அவன் தாத்தா அதில் மீன் பிடித்தார், அப்பா அதில் குளித்தார், இவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறான். இதில் அழுகை எதுவும் இல்லை, குறும்பாகத்தான் பாடினான். இரண்டாம் சரணம் முடிந்ததும் கூட்டம் பல்லவியை எடுத்தது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று வேறு சுரங்களில் பிரிந்து, ஒன்றோடொன்று பொருந்திப் பாடினார்கள். சீருடைச் சிறுமிகள் மேலே, பாட்டி நடுவில், பின்வரிசை ஆண்கள் கீழே. நாம் கூட்டமாகப் பாடினால் எல்லாரும் ஒரே சுரத்தில் கத்துவோம், அல்லது கத்த முயல்வோம். தம்பி ஏன் அவ்வளவு தூரம் தாமஸ் ஜோன்ஸைப் பிடித்துக்கொண்டு பேசினான் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஏழே கால் இருக்கும், லூ மஜாவ் வந்தார். ஊரே ஸ்வெட்டருக்குள் இருக்க, எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதர் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனுமாக நின்றார். தோளைத் தாண்டிய வெள்ளை முடி. ஒரு காலில் ஒரு நிற சாக்ஸ், மறுகாலில் வேறு நிறம். படங்களில் பார்த்துவிட்டு, போட்டோவுக்காகச் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். நேரில் பார்க்கும்போது, வீட்டில் எப்படி இருப்பாரோ அப்படியே வந்துவிட்டதாகத்தான் பட்டது. அறிமுக உரை இல்லை, பொன்னாடை இல்லை, குத்துவிளக்கு இல்லை. கூட்டத்திலிருந்து "பா லூ!" என்று ஒரு குரல். ஆண்களை 'பா' சேர்த்துச் சொல்வது மரியாதை. அதற்குமேல் யாரும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை.

குரல் கரகரத்தது. சில சொற்களை விழுங்கினார். மேல் ஸ்தாயியில் ஒன்றிரண்டு இடங்களில் எட்டவில்லை, அதற்காக அவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் மூன்று பாட்டுகளில் நான் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வயதில் அப்படிக் குதிக்கிறாரே, மேடைப் பலகை வழுக்கிவிடப்போகிறது என்று. நான்காவது பாட்டில் தம்பி முழங்கையால் இடித்து, "அக்கா, இது என்ன பாட்டுன்னே எனக்கு இப்பதான் தெரியுது" என்றான். பாதிப் பாட்டு முடிந்திருந்தது. டிலன் பாட்டெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன் அவன். மெட்டை அவ்வளவு மாற்றி, தன் நடைக்கு இழுத்துக்கொண்டு பாடுகிறார் மனிதர்.

எனக்கு நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிகள் ஞாபகம் வந்தன. கோயில் திருவிழாவில் பாடுகிற பையனுக்கு நாம் கொடுக்கிற உச்சபட்சப் பாராட்டு, "அப்படியே எஸ்.பி.பி. மாதிரியே பாடினான்" என்பதுதான். இருமல் முதற்கொண்டு கேசட்டில் உள்ளபடி வரவேண்டும். நான் அதைக் குறைசொல்ல மாட்டேன், அச்சு அசலாகப் பாடுவதும் கடினமான வித்தைதான். ஆனால் அப்படிப் பாடுகிறவனுடைய சொந்தப் பாட்டை யாரும் கேட்பதில்லை. இங்கேயும் ஒரு மனிதர் ஐம்பது வருடத்துக்கு மேலாக அடுத்தவர் பாட்டைப் பாடுகிறார், ஆனால் ஒரு பாட்டில்கூட அந்த அடுத்தவரைப் போலப் பாடவில்லை. டிலனும் தன் பாட்டுகளை மேடைக்கு மேடை அடையாளம் தெரியாமல் மாற்றுகிறவர்தானாம். அந்தக் கணக்கில் பார்த்தால் இதுதான் அச்சு அசல்.

நடுவில் தன் சொந்தப் பாட்டு ஒன்றும் பாடினார். தம்பி சீட்டு நுனிக்கு வந்துவிட்டான். ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்த பாட்டு, கூடவே முணுமுணுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு கோஷ்டி மட்டும் அந்தச் சமயம் பார்த்து டீ வாங்க எழுந்து போனது. பாட்டி அவர்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

முடிந்தபின் துய்தாராப் பையனைத் தேடிப் போய்ப் பேசினோம். பகலில் சிமென்ட் கடையில் வேலை பார்க்கிறானாம். ஆற்றுப் பாட்டைப் போனிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறான். ஏன் இன்னும் வெளியிடவில்லை என்று தம்பி கேட்டதற்கு, "எத்தனை பேருக்குப் புரியும்?" என்று சிரித்தான். 2011 கணக்கெடுப்பின்படி காசி பேசுகிறவர்கள் சுமார் 14 லட்சம். "நம்ம திருச்சி மாவட்டத்து ஜனத்தொகையில பாதிதான்க்கா" என்றான் தம்பி படி இறங்கும்போது. அப்புறம் கொஞ்ச தூரம் போய், "ஏழரைக் கோடிப் பேருக்குப் புரியற பாஷைல எழுதியும் என் பாட்டு அதே இடத்துலதான் நிக்குது" என்றான். அறுந்த செருப்போடு நான் காலை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

விடுதியில் காங் விழித்திருந்தார். சோறும் பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும். சாப்பிட்டு முடித்ததும், கச்சேரிக்குப் போய்விட்டு வந்தவர்கள் ஒரு பாட்டாவது பாடவேண்டும் என்று சுவரிலிருந்த கிட்டாரை எடுத்துத் தம்பி மடியில் வைத்தார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு கம்பிகளை முடுக்கி, ஸ்ரீரங்கம் பாலத்துக்குக் கீழே காவிரி மணலில் கிரிக்கெட் ஆடுகிற பாட்டு ஒன்றைப் பாடினான். தமிழ் ஒரு சொல் தெரியாத காங், பல்லவி இரண்டாம் முறை வந்தபோது மெல்ல ஒரு மேல்சுரத்தைச் சேர்த்துக்கொண்டார். நடுவில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, "அந்த வரியைத் திரும்பப் பாடு, நான் தவறாக எடுத்துவிட்டேன்" என்றார். நாலு தடவை பாடவைத்தார். தம்பி அந்த இரவு தூங்கவில்லை என்று நினைக்கிறேன். பல்லவியில் மேல்சுரம் எங்கே தொடங்கவேண்டும் என்று நடுராத்திரியில் என்னை எழுப்பிக் கேட்டான்.

மே 25, சோரா

சிரபுஞ்சி என்று பள்ளியில் படித்த ஊரின் பெயர் சோரா. ஷில்லாங்கிலிருந்து ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். இங்கே சராசரியே 11,000க்கு மேல். நோகலிகாய் அருவி 340 மீட்டர் உயரம் என்று பலகையில் போட்டிருந்தது. பலகை தெரிந்தது. அருவி தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று மூடுபனி, அதற்குள் எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். ஒரு குடும்பம் அந்த வெள்ளையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டது. கட்டை கட்டையாகப் பட்டையும், ஆரஞ்சுப்பூத் தேனும் விற்றார்கள். தேன் ஒரு பாட்டில் 350 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், விற்ற பெண் சிரித்தாளே தவிர இறங்கவில்லை. புதுச் செருப்பு 280.

மே 26, திரும்புதல்

காங் பில்லில் நேற்றைய சாப்பாட்டைச் சேர்க்கவில்லை. சுட்டிக்காட்டினால், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றார். இந்த முறை சுமோவில் நடுசீட்டு. டிரைவர் மூன்று மணி நேரமும் இந்திப் பாட்டுப் போட்டார், எல்லாம் சினிமா. ஜோராபாட்டில் ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே 24க்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். இடம் எதுவென்று அன்று மதியம் உள்ளூர் ஆளிடம் கேளுங்கள், வாட்ஸாப்பில் வந்ததை நம்பவேண்டாம். தோல் செருப்பு கூடாது. குடையை அங்கே போய் வாங்கினால் போதும், மலிவு. குவாய் கொடுத்தால் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். முன்னால் பாடுகிறவர்களைத் தவறவிடாதீர்கள், நேரத்துக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். டீ குடிப்பதென்றால் டிலன் பாட்டு நடக்கும்போது போய்க் குடித்துவிட்டு வாருங்கள்.